பல்பு அலமாரிக்குள் ஒரு கார்ப்பந்தயம்

எங்கள் வீட்டில் பல்பு அலமாரி என்று ஒன்று இருக்கிறது. ஏற்காட்டில் பாதி வீடுகளில் இருக்கும். மழைக்காலம் வந்தால் இங்கே செருப்பில் பூஞ்சணம் பூக்கும், பட்டுப்புடவையில் பூக்கும், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை முகத்தில்கூடப் பூக்கும். அதற்காக மர அலமாரியின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை மாட்டி, கதவைச் சாத்தி, எந்நேரமும் எரிய விட்டுவிடுவோம். உள்ளே ஈரம் அண்டாது.

எங்கள் வீட்டுப் பல்பு அலமாரிக்குத் தர்மகர்த்தா என் வீட்டுக்காரர். எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று காலையில் பேர் எழுதுகிறவர் என்பதால், அலமாரிக்குள் எது போகலாம் எது போகக்கூடாது என்பதையும் அவரே முடிவு செய்வார். என்னுடைய மூன்று பட்டுப்புடவைகள், அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ், எப்போதோ வாங்கி இரண்டே இரண்டு படம் எடுத்த கேமரா, இவற்றுக்கு இடம் உண்டு. சித்திரை வெயிலிலும் பல்பை அணைக்க மாட்டார். கேட்டால், "ஈரம் எப்ப வரும்னு சொல்லிட்டா வரும் அம்மிணி?" என்பார்.

என் வலது கை செத்துப்போய்விட்டது என்று நான் ஒன்றரை மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு இந்த அலமாரியும் அதன் தர்மகர்த்தாவும்தான் காரணம்.

எனக்குத் தையல் தொழில். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் சின்னதாக ஒரு கடை. வீடு வெள்ளக்கடை ஊர்ப் பக்கம். தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருவேன். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது, ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தில் கார் ஒன்று நடுரோட்டில் நின்றிருந்தது. பழுதாகி நின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மூடுபனியைப் படம் எடுப்பதற்காக நின்றிருந்தது. நாலு பேர் இறங்கி, ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பிரேக்கைப் பிடித்தேன். நனைந்த சில்வர் ஓக் இலைமேல் சக்கரம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். விழுந்த என்னையும் அவர்கள் படம் எடுத்தார்களா என்று தெரியாது. எடுத்திருந்தால் நல்ல வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள், அதிலெல்லாம் கெட்டிக்காரர்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பலகைத் துண்டாக நின்றன. தையல்காரிக்கு இந்த இரண்டு விரலும் இல்லையென்றால் கத்தரிக்கோல் இல்லை. கத்தரிக்கோல் இல்லையென்றால் கடை இல்லை. வண்டியும் இல்லை, ஏனென்றால் பிரேக்கைப் பிடிப்பதும் அதே ஆள்காட்டி விரல்தான்.

சேலத்தில் பிசியோதெரபி செய்கிற பெண் ஒருத்தி, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்தாள். "டிவி பாத்துக்கிட்டே அமுக்கிக்கிட்டு இருங்கக்கா" என்றாள். கூடவே இன்னொன்றும் சொல்லிவைத்தாள். "சில பேருக்கு நல்லா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு பாதியில நின்னுடும். அதுக்கு மேல வராது. பார்ப்போம்."

பந்தை அமுக்குவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் புதிதாக ஒரு கேம் பெட்டி வாங்கியிருந்தான். பழைய பெட்டியை எனக்காகத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குக் கீழே மேசைமேல் வைத்தான். "பந்தைத் தூக்கிப் போடும்மா. இதுல காரோட்டு. ரிமோட்டை ரெண்டு கையிலயும் பிடி. வலது ஆள்காட்டி விரலுக்கு ஆக்ஸிலேட்டர், இடதுக்கு பிரேக்."

"எனக்கு வலது விரலுக்குத்தான் கண்ணு பிரேக் வேணும். வண்டியில அப்படித்தானே இருக்குது?"

அவன் செட்டிங்ஸுக்குள் போய் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தான். அந்தப் பெட்டியில் யார் யாரோ செய்த செட்டிங்ஸில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நான் ஓட்டியது ஒரு மலை ரோட்டுப் பந்தயம். பதினாலாவது திருப்பத்தில் தினமும் பள்ளத்தில் விழுவேன். பள்ளத்தில் விழுந்தாலும் எலும்பு முறியாத ஒரே மலை அதுதான் என்பதால் சலிக்காமல் விழுந்தேன். தை முடிவதற்குள் விரல் பாதி மடங்கியது. மாசி நடுவில் பத்துத் தடவைக்கு ஏழு தடவை அந்தத் திருப்பத்தில் திரும்பினேன். ஒரு நாள் மத்தியானம் கத்தரிக்கோலை எடுத்து, பழைய நாளிதழில் ஒரு ரவிக்கைக் கழுத்தை வெட்டினேன். கோணலாகத்தான் வந்தது. ஆனால் வெட்டினேன்.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் பெட்டியைக் கவனித்தார். அதுவரை அது அவருக்கு மகன் விட்டுவிட்டுப் போன சாமான். காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், டிவியை உற்றுப் பார்த்தார். "என்ன அம்மிணி, படம் இப்படி மங்கலா இருக்குது?" என்றார். எனக்கு எதுவும் மங்கலாகத் தெரியவில்லை. மரத்தில் இலை தனித்தனியாகத் தெரியவில்லையாம். நான் மணிக்கு நூற்றிருபதில் போய்க்கொண்டிருக்கிறேன், இவருக்கு இலை எண்ண வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் செட்டிங்ஸ் காண்டம் ஆரம்பமானது. எஸ்டேட்டிலிருந்து வந்ததும் போனில் வீடியோ பார்ப்பார். அதில் வருகிறவர் முதல் ஐந்து நிமிஷம் வணக்கம் சொல்வார். அடுத்த ஐந்து நிமிஷம், இந்த ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் வேற லெவல் என்பார். எந்தச் செட்டிங் என்று சொல்வதற்குள் எனக்குச் சோறு வெந்துவிடும். கேமில் இரண்டு மோட் இருந்தன. ஒன்று பெர்ஃபாமன்ஸ், இன்னொன்று குவாலிட்டி. என் மகன் பெர்ஃபாமன்ஸில் வைத்துவிட்டுப் போயிருந்தான். காபிக்கொட்டையைத் தரம் பிரிக்கிற இடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷனுக்கு அது பொறுக்குமா? "குவாலிட்டின்னு அவனே எழுதி வெச்சிருக்கறான். அதை விட்டுட்டு வேற எதுக்குப் போகோணும்?" என்று மாற்றினார். அதோடு விடாமல் டிவியின் செட்டிங்ஸையும் திறந்து, எங்கெல்லாம் கோடு பாதியில் நின்றதோ அங்கெல்லாம் அதைக் கடைசிவரை இழுத்துவிட்டார். பளபளப்பு, கூர்மை, வழவழப்பு எல்லாமே முழுசு.

படம் அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. "பாரு அம்மிணி, பனிமூட்டம் எப்படித் தத்ரூபமா வருது பாரு!" என்று சின்னப் பிள்ளையாகக் கைதட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியாக அதே பனிமூட்டம், செட்டிங்ஸ் எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். ஈரம் பட்டால் பெட்டி கெட்டுப்போகுமாம்.

அந்தக் கவலை முற்றித்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்பு அலமாரியின் பின்பலகையில் ஓட்டை போட்டார். பட்டுப்புடவைக்கு மேல்தட்டில் பெட்டியை வைத்து, ஒயரை ஓட்டை வழியாக டிவிக்கு இழுத்து, கதவைச் சாத்தி, மூன்றடி பின்னால் நகர்ந்து நின்று ரசித்தார். "இனி இதுக்கு ஒரு குறையும் வராது" என்றார்.

எனக்குத்தான் வந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து என் விரல் நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திருப்பம் வரும், பிடி என்று விரலுக்குச் சொல்வேன். கார் அரை நொடி யோசித்துவிட்டு நிற்கும். அதற்குள் பள்ளத்தில் இருப்பேன். முதலில் பதினாலாவது திருப்பத்தில் மட்டும் விழுந்தேன். பிறகு பத்தில், ஆறில், கடைசியில் மூன்றாவதிலேயே விழுந்தேன். விரல் மடங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் வேகம் இல்லை, உயிர் இல்லை என்று தோன்றியது. அந்தப் பெண் சொன்ன 'பாதியில நின்னுடும்' இதுதான் என்று முடிவு கட்டினேன். பயந்துபோய்க் கத்தரிக்கோலைத் தொடுவதையே விட்டுவிட்டேன். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று அதையும் பல்பு அலமாரியில் வைக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தேன். எதற்கு என்று கேட்காமல் வாங்கி வைத்தார். சேலத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். அவள் வாயால் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டில் சொல்லவும் முடியாது. காரணம், வண்டி. நான் விழுந்த நாளிலிருந்தே அவர் அதை விற்றுவிட வேண்டும் என்று நின்றார். நான் சண்டை போட்டு ஒரு தவணை வாங்கியிருந்தேன். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. வருஷா வருஷம் அவரைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் கோயிலுக்கு வண்டி ஓட்டிப்போவேன். அவருக்கு ஓட்டத் தெரியாது, அதை ஊரில் யாரும் சொல்லிக்காட்டக் கூடாது என்பது எங்களுக்குள் இருக்கிற ஒப்பந்தம். திருவிழாவுக்குள் கை வந்தால் வண்டி எனக்கு. வராவிட்டால் எஸ்டேட் மேஸ்திரியின் மகளுக்கு. கை வரவில்லை என்று நானே வாயைத் திறந்தால் மறுநாளே மேஸ்திரி சாவிக்கு வந்து நிற்பார்.

திறக்காமலே வந்தார். சித்திரையில் ஒரு சாயங்காலம், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்து, வண்டி சீட்டைச் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டினார். உள்ளே வந்தவருக்கு என் வீட்டுக்காரர் டிவியில் தன் கைவேலையைக் காட்டினார்.

"இப்ப முப்பது ஃபிரேம் ரேட்டுல ஓடுது மேஸ்திரி."

"முப்பதுக்கு எங்கீங்க ஃபிரேம் போட்டுக் குடுக்கறாங்க?" என்று மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கூட்டு சாமி படத்துக்கு டவுன்ல இருநூத்தம்பது கேட்டானுங்க."

"அதில்லீங்க. இது ஒரு செகண்டுக்கு முப்பது."

"செகண்டுக்கா? அய்யய்யோ, அப்ப வெலை நொம்ப எச்சுங்க" என்றார் மேஸ்திரி.

இன்னொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அடுப்படியில் நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் மேஸ்திரியிடம், "திருவிழா அன்னைக்குக் காலையில வாங்க" என்று சொல்வது கேட்டது. தினமும் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார், "படம் எப்படி இருக்குது அம்மிணி?" என்று. அன்றைக்கும் அதைத்தான் கேட்டார். "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம் ஆத்திரம் தலைக்கேறியது. மூன்றாவது திருப்பத்தில் பதினோராவது தடவையாக விழுந்திருந்தேன். நல்ல கை எப்படி ஓட்டும் என்று பார்த்து வயிறெரியலாமே என்று தோன்றியது. ரிமோட்டை மடியில் வைத்து, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து, இடது ஆள்காட்டி விரலால் வலதுபக்க பிரேக்கைப் பிடித்தேன். ஒரு நாளும் அடிபடாத, தங்கமான விரல். கார் அரை நொடி யோசித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்தது.

மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் விழுந்தது. இடது கட்டைவிரலால் இன்னொரு பட்டனை அமுக்கினேன். அதுவும் தாமதமாகத்தான் வேலை செய்தது. இடுப்பு வலிக்க எழுந்து நின்றேன். அடிபடாத விரலுக்கும் அதே கதி என்றால் கோளாறு என் விரலில் இல்லை. இது எனக்குப் புரிய ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது, அலமாரிக்குள்ளிருந்து ஒரு இரைச்சல், காபிப்பழத்தோல் உரிக்கிற மிஷின் சத்தம். கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே பல்பு எரிந்துகொண்டிருக்க, அதற்கு மேல்தட்டில் பெட்டி மூச்சுத் திணறிக் கத்திக்கொண்டிருந்தது. கீழே என் பட்டுப்புடவைகள் இஸ்திரி போட்ட மாதிரி சூடாக இருந்தன.

மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஊருக்குப் போன பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி அப்பாவும் மகனும்தான் பேசிக்கொள்வார்கள், என்னிடம் யாரும் பேசியதில்லை.

"பொட்டியை எங்கம்மா வெச்சிருக்கீங்க?"

"பல்பு அலமாரியில கண்ணு."

"பல்பு எரியுதா?"

"எப்ப அணைஞ்சிருக்குது?"

"மொத்தமா பல்பு வாங்கிட்டீங்களேம்மா" என்று சிரிக்க ஆரம்பித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒழுங்காகச் சொன்னான். பெட்டிக்குக் காற்று வேண்டும். சூடு ஏறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குவாலிட்டி மோடில் ஒரு நொடிக்கு முப்பது படம்தான் வரும், பெர்ஃபாமன்ஸில் அறுபது வரும், நம் விரல் செய்வது அதில் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட டிவி மோசம். ஒவ்வொரு படத்தையும் வாங்கி, மெருகேற்றி, வழவழப்பாக்கி, அப்புறம்தான் காட்டும். பெண்ணுக்குப் பவுடர் பூசி முடிப்பதற்குள் முகூர்த்தம் போய்விடுகிற கதைதான். டிவியில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் இந்த அலங்காரம் எல்லாம் நின்றுவிடும் என்றான்.

அவன் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் நானே செய்தேன். பெட்டியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். தூசியைத் துடைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டேன். கேம் மோட் போட்டேன். குவாலிட்டியைத் தூக்கிவிட்டுப் பழையபடி பெர்ஃபாமன்ஸில் வைத்தேன். பிறகு உட்கார்ந்து வலது விரலால் பிடித்தேன். கார் அந்த நொடியே நின்றது. மூன்று, ஆறு, பத்து, பதினாலு. எல்லாத் திருப்பத்திலும் திரும்பினேன். அப்படியே எழுந்துபோய் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன், அது சூடாக இருந்தது. கையில் கிடைத்த நாளிதழில் ஒரு கழுத்து வெட்டினேன். வளைவு பிசிறில்லாமல் வந்தது. அழுதேன். சந்தோஷத்தில் கொஞ்சம், வயிற்றெரிச்சலில் நிறைய. போன ஒன்றரை மாதத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

சாயங்காலம் வந்தவர் டிவியைப் பார்த்துவிட்டு, "என்ன, படம் பழையபடி மங்கிப்போச்சு?" என்றார்.

"ஏனுங்க, இனி இந்தப் பொட்டிமேல உங்க விரல் பட்டுதுன்னா உங்க பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டைத் தூக்கி மழையில வெச்சுடுவேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபியை எடுத்துக் குடித்தார். வேறொன்றும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

திருவிழா அன்று காலையில் சொன்னபடி மேஸ்திரி வந்துவிட்டார், மகளையும் கூட்டிக்கொண்டு. நான் புதுப்புடவை கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியைக் கிளப்பி, கீழ்த்திருப்பம்வரை போய், சரிவில் திரும்பி, மேஸ்திரியின் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அப்படியே நின்றது. மேஸ்திரி செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்ப வண்டி கெடைக்காதுங்களா?" என்றார்.

"கிடைக்காதுங்க. கண்ணு, நீ கோவிச்சுக்காத. வேற வண்டி பாரு, ஓட்ட நான் சொல்லித்தர்றேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் அந்தப் பொட்டிதான் மேஸ்திரி. வீடியோவெல்லாம் பாத்து நாந்தான் செட்டிங்ஸ் சரி பண்ணிக் குடுத்தேன்" என்றார்.

எனக்குள் இருந்த அனல் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. மேஸ்திரி இருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. "உங்க செட்டிங்ஸுல ஒன்றரை மாசம் என் கை செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேனுங்க. கத்தரியை உங்க கையில குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவர் முகம் சுருங்கிப்போனது. மேஸ்திரி மகளைக் கூட்டிக்கொண்டு நைசாக நகர்ந்தார். என் வீட்டுக்காரர் மெல்லிய குரலில் சொன்னார், "கை கேக்கலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே அம்மிணி."

"கை கேக்கலீங்க. சரி. நீங்களும் கேக்கலீங்களே" என்றேன். "படம் எப்படி இருக்குதுன்னுதானே தினமும் கேட்டீங்க."

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளக்கடையைத் தாண்டி, நான் விழுந்த அந்தத் திருப்பத்துக்கு வந்தோம். அங்கே ஒரு கார் நடுரோட்டில் நின்றிருந்தது. நாலு பேர் கையை விரித்து நின்றார்கள். பிடித்தேன். வண்டி நின்றது. பின்னாலிருந்து அவர் கை என் தோளைப் பற்றியது.

"கை வலிக்குதா?" என்றார். அந்த ஏழு மாதத்தில் முதல்தடவையாக.

"வலிக்குதுங்க" என்றேன். "நொம்ப வலிக்குது."